ஞாயிற்றுக்கிழமை பற்றித் தயாபரன் சொன்னது

நொஷாட்டல்
4 மார்ச் 2025

அன்புள்ள தயாபரன் அங்கிள்,

“முக்கியமான விசயம் எண்டால் தபாலில வரவேணும், வாட்ஸ்அப்பில வந்தால் நான் பாக்கவும் மாட்டன், பதில் போடவும் மாட்டன்” என்று சொன்னீர்கள். ஆகவே தபாலில் வருகிறேன்.

கட்டுரை முடிந்துவிட்டது! ஆராவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய குடியிருப்பு. படிக்கட்டு, குப்பை, கொதிகலன், உடுப்புத் தோய்க்கும் அறை எல்லாவற்றுக்கும் பொறுப்பான அப்வார்ட் ஒரு யாழ்ப்பாணத்தவர். குடியிருக்கும் சுவிஸ்காரர் அத்தனை பேரும் அவருக்குப் பயம். இப்படி ஒரு ஆளை விட்டால் வேறு யாரைப் பற்றி எழுதுவது? உங்கள் பின்னால் திரிந்த அந்த இரண்டு நாளும், நான் காப்பிக் கோப்பையைத் தவறான தொட்டியில் போட்டு உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உட்பட, மறக்கமாட்டேன்.

நான் இங்கே ஒரு மொழிப் பள்ளியில் ஜெர்மன் படிப்பிப்பவள் என்று சொன்னேன் அல்லவா? எழுத்து என்பது இதுவரை ஆசைதான். ஒரு பெரிய வார இறுதிச் சஞ்சிகை என்னிடம் முழு நீளக் கட்டுரை கேட்டிருப்பது இதுவே முதல் தடவை.

இந்த நாட்டு வழக்கப்படி, ஒருவர் சொன்னதை அச்சிட முன் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் தமிழில் சொன்னவற்றை ஜெர்மனில் எழுதி இணைத்திருக்கிறேன். கட்டுரையின் தொடக்கத்தையும் வைத்திருக்கிறேன். அதைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது, அதனால்தான்.

அன்புடன்,
யசோதரா


ஆராவ் அருகே
8 மார்ச் 2025
பதிவுத் தபால்

பிள்ளை யசோதரா,

உமது கடிதம் கிடைத்தது. நானும் மனைவி சிவகௌரியும் வாசித்தோம். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

“மழை பெய்யும் காலை. சன்னலோரம் நிற்கும் தயாபரனின் சோகக் கண்கள் ஆராவின் கூரைகளைத் தாண்டி, தொலைந்துபோன பனங்கூடலைத் தேடுகின்றன” என்று தொடங்கியிருக்கிறீர். அன்று மழை பெய்யவில்லை. என் கண்கள் தேடியது மூன்றாம் மாடிக்காரனை. பழைய பத்திரிகைக் கட்டுக்கு நடுவில் அவன் பீட்சாப் பெட்டியைச் செருகிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கடதாசி வேறு, மட்டை வேறு என்று அவனுக்கு எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. என் கண்ணில் இருந்தது சோகம் அல்ல, பிள்ளை.

நான் பிறந்தது யாழ்ப்பாண நகருக்குள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால். பனங்கூடலுக்குள் போனது பள்ளிச் சுற்றுலாவில், ஒரே ஒரு தரம். அன்று எறும்பு கடித்தது.

அடுத்தது, “மேசைமேல் தாயாரின் மங்கிய படம்.” அது கொதிகலன் கொம்பனி தந்த நாட்காட்டி. அதில் இருப்பது யாரோ விளம்பரப் பெண். என் அம்மா ஒருநாளும் அவ்வளவு பல் தெரியச் சிரித்தவர் அல்லர்.

இன்னுமொன்று. நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பது உமக்குத் தெரியும். கிராமசபையின் குடியுரிமைக் குழு ஏப்ரலில் என்னை நேரில் விசாரிக்கப் போகிறது. கட்டுரை அதற்கு முன் வருவதால், அதற்கு உதவும்படி இருக்க வேண்டாமா? நான் குப்பைத் தொட்டி பற்றிச் சொன்னவற்றை எடுத்துவிட்டு, கீழே உள்ளதைப் போடவும்:

“சுவிஸ் திருநாடே! உன் பனிமலைகளின் வெண்மையே என் உள்ளத்தின் வெண்மை. உன் ஏரிகளின் ஆழமே என் நன்றியின் ஆழம். ஒவ்வொரு விடுமுறையிலும் நான் மலையேறுகிறேன்.”

உம்முடைய எழுத்தில் ஒரேயொரு இடம் நன்றாக இருக்கிறது. ஐந்தாம் மாடி லூஷர் அம்மா, சத்தமே கூடாத ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமைகளில் சலவை இயந்திரத்தை ஓடவிடுவது பற்றி நான் சொன்னது. “சுவிஸ்காரிக்கே ஞாயிற்றுக்கிழமை எண்டால் என்னெண்டு நான்தான் சொல்லிக் குடுக்க வேண்டிக் கிடக்கு.” அதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். முடிந்தால் பெரிய எழுத்தில் போடவும்.

இப்படிக்கு,
ஆ. தயாபரன்


நொஷாட்டல்
12 மார்ச் 2025

அன்புள்ள அங்கிள்,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் முகம் சூடாகிவிட்டது. பனங்கூடலை நான்தான் நட்டேன். முதல் வரைவில் சஞ்சிகையின் ஆசிரியை ஓரத்தில் “இன்னும் உணர்ச்சி தேவை” என்று எழுதியிருந்தார். உணர்ச்சி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் மழையையும் பனையையும் கொண்டுவந்து வைத்தேன். இப்போது உங்கள் மறுப்பை அவருக்குச் சொன்னேன். “நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். “அப்படியானால் இத்தனை நாளும் நான் வாசித்தது யாரைப் பற்றி?” என்றார். ஃப்ரிபூர்க்கில் இருக்கும் அப்பாவுக்கு அழைத்து அழுதேன். அவர் “எழுத்தெண்டால் அப்பிடித்தான்” என்றார். அப்பா லொறி ஓட்டுகிறவர். அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே பனை போய்விட்டது. நாட்காட்டிப் பெண்ணும் போய்விட்டாள்.

ஆனால், அங்கிள், உங்கள் பனிமலையையும் போட முடியாது. உலகத்தில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. நீங்களும் கதைக்கவில்லை. முழங்கால் வலியால் நாலாம் மாடிக்கே லிப்ட் எடுக்கும் நீங்கள் மலையேறுவதாகச் சொன்னால், உங்களைத் தெரிந்த அத்தனை பேரும் சஞ்சிகையை மூடிவிடுவார்கள். நான் பனை நட்டது பிழை என்றால், நீங்கள் மலை நடுவதும் பிழைதான்.

லூஷர் அம்மா பற்றிய வரி ஆசிரியைக்கும் நன்றாகப் பிடித்திருக்கிறது. அதையே தலைப்பாக்கப் போகிறாராம். ஒரு நடைமுறை மட்டும் பாக்கி. ஒருவரைக் குறை சொல்லி எழுதினால் அவருடைய பக்கத்தையும் கேட்க வேண்டும். இது கட்டாய விதி. நாளைக் காலை அவருக்குத் தொலைபேசி எடுக்கிறேன். நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

அன்புடன்,
யசோதரா


ஆராவ் அருகே
13 மார்ச் 2025
பதிவுத் தபால் — மிக அவசரம்

பிள்ளை யசோதரா,

உம்மிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அதற்குள் எழுதுகிறேன்.

இன்று கிராமசபையிலிருந்து விசாரணைக்கான அழைப்பு வந்தது. ஏப்ரல் 8. குழுவில் யார் யார் என்று கீழே போட்டிருக்கிறார்கள். நாலாவது பெயர் லூஷர். நான் உடனே சிவகௌரியிடம் காட்டினேன். “இந்த ஊரில எத்தினை லூஷர், அது வேற ஆளாயிருக்கும்” என்றாள். முதற்பெயரையும் பார்த்தோம். விலாசத்தையும் பார்த்தோம். விலாசம் எங்கள் கட்டடம்.

ஞாயிற்றுக்கிழமை வரியை உடனே எடுக்கவும். அப்படி ஒன்றை நான் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளவும். அந்த அம்மாவோடு எந்தக் காரணம் கொண்டும் கதைக்க வேண்டாம்.

பனிமலை வேண்டாம் என்றால் ஏரியையாவது போடவும்.

ஆ. தயாபரன்


நொஷாட்டல்
15 மார்ச் 2025

அன்புள்ள அங்கிள்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நீங்கள் எழுதிய அதே காலையில் நான் லூஷர் அம்மாவுக்கு அழைத்துவிட்டேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. வரியை வாசித்துக் காட்டியதும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, “பொறு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருகிறேன்” என்றார். தொலைபேசிக்கு எதற்குக் கண்ணாடி என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்து, நான் எழுதி எடுக்கும் வேகத்துக்குச் சொல் சொல்லாக, பதில் தந்தார்:

“ஞாயிற்றுக்கிழமை நான் தோய்ப்பது உண்மை. கிராமத்து பாண்ட் குழுவின் சீருடைகள் என் பொறுப்பு. சனி இரவு அவர்கள் வாசித்து வியர்க்கிறார்கள், திங்கள் காலை சீருடை மடித்து வைத்திருக்க வேண்டும். இடையில் கடவுள் ஒரு நாளைத்தான் வைத்திருக்கிறார். திருவாளர் தயாபரன் என் கதவில் ஒட்டிய அறிவித்தல்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் எனக்கு ஆகப் பெரிய எரிச்சல்.”

அங்கிள், இது தங்கம். உங்கள் வரியும் இவருடைய பதிலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அதைவிட ஒரு கட்டுரைக்கு வேறென்ன வேண்டும்? தயவுசெய்து அவசரப்பட்டு ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம்.

யசோதரா


ஆராவ் அருகே
18 மார்ச் 2025
பதிவுத் தபால்

செல்வி யசோதரா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நான் சலவை இயந்திரத்தின் வடிகட்டியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது லூஷர் அம்மா கீழே வந்தார். கையில் உடுப்பு இல்லை. வாசலில் நின்று, “நாங்கள் இருவரும் பத்திரிகையில் வரப்போகிறோமாம்” என்றார். நான் “ஓம்” என்றேன். ஜெர்மனில் சொல்ல மறந்து தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன கருத்து என்று நாலு நாளாக நானும் சிவகௌரியும் யோசிக்கிறோம். அவள் நல்லது என்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

உமக்கு இது ஒரு கட்டுரை. எனக்கு இது ஒரு பாஸ்போட். இந்த நாட்டில் என் அரைவாசி வாழ்க்கை போய்விட்டது. இங்கே குழாய் எங்கே ஓடுகிறது, மின்சாரம் எங்கே நிற்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் விமான நிலையத்தில் நான் இன்னும் மற்ற வரிசையில்தான் நிற்கிறேன். என் பிள்ளைகள் சுவிஸ் பாஸ்போட்டோடு அந்தப் பக்கம் போய் நின்று எனக்குக் கை காட்டுகிறார்கள்.

நான் சொன்ன எல்லாவற்றையும் இத்தால் மீளப் பெறுகிறேன். ஞாயிற்றுக்கிழமையை மட்டுமல்ல, திங்கள் தொடக்கம் சனி வரையும்.

ஆ. தயாபரன்


நொஷாட்டல்
24 மார்ச் 2025

அன்புள்ள அங்கிள்,

ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியவை எல்லாம் கோபம். அவற்றை நீங்கள் வாசிக்காமல் போனது நல்லது.

ஆசிரியையிடம் சொன்னேன். “அவர் சொன்னது பதிவாகியிருக்கிறதா?” என்று கேட்டார். பதிவாகியிருக்கிறது. அதை அன்றிரவு நானும் போட்டுக் கேட்டேன். நீங்கள் அந்த வரியைச் சொல்ல முன், “இதையும் எழுதப் போறீரோ?” என்று கேட்கிறீர்கள். நான், “நீங்கள் பயப்பிடாமல் கதையுங்கோ அங்கிள், எல்லாத்தையும் உங்களிட்டக் காட்டிப்போட்டுத்தான் போடுவன்” என்கிறேன். அந்தச் சொல்லை நம்பித்தான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

அந்த வரி இல்லாவிட்டால் மிஞ்சுவது தும்புத்தடியால் படிக்கட்டுக் கூட்டும் ஒரு மனிதர்தான், அதை அச்சிட முடியாது என்றார் ஆசிரியை. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். “சரி” என்றார். அந்தச் சரியில் இனி என்னிடம் எதுவும் கேட்கமாட்டார் என்று எனக்கு விளங்கியது.

அப்பா ஃப்ரிபூர்க்கில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

விசாரணை நன்றாக நடக்கட்டும். நேரே பார்த்துக் கதையுங்கள். ஏரிகளின் பெயர்களைப் பாடமாக்குங்கள்.

யசோதரா

பி.கு. லூஷர் அம்மாவிடமும் கட்டுரை வராது என்று சொன்னேன். அவர்தான் உண்மையில் கோபித்தார். தங்கைக்கும் பாண்ட் குழுவுக்கும் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.


ஆராவ் அருகே
10 ஏப்ரல் 2025
பதிவுத் தபால்

பிள்ளை யசோதரா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைவர் சூட்டர் என்பவர் வணக்கம் சொல்லி வாயை மூடவில்லை, லூஷர் அம்மா எழுந்துவிட்டார். “நான் வெளியே போக வேண்டும். இவருக்கும் எனக்கும் ஒரு தகராறு இருக்கிறது. இவர் ஒரு சஞ்சிகையில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நானும் பதில் சொல்லியிருக்கிறேன். சட்டப்படி நான் இவருக்கு வாக்களிக்க முடியாது” என்றார்.

“எந்தச் சஞ்சிகை?” என்று தலைவர் கேட்டார்.

“அது வரவில்லை. இவர் சொன்னதைத் திருப்பி எடுத்துவிட்டார்” என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்தியது. நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்ன சொன்னீர்கள்?” என்றார் தலைவர்.

“அதை நான் மீளப் பெற்றுவிட்டேன், ஐயா.”

“பத்திரிகையிலிருந்துதானே? எங்களிடமிருந்து இல்லையே.”

பிள்ளை, வேறு வழி இருக்கவில்லை. சொன்னேன். நீர் எழுதியிருந்த ஜெர்மனையே சொன்னேன். அது நல்ல ஜெர்மன்.

தலைவர் பேனையை மேசையில் வைத்தார். இவ்வளவு காலமும் வீணாய்ப் போச்சு என்று நினைத்தேன். அப்போது ஓரத்தில் இருந்த மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர், “அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தல்களைச் சேகரிப்புத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடலாமா?” என்று கேட்டார். “கூடாது” என்றேன். “பார்த்தாயா!” என்று அவர் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண், போத்தல் வேறு தோய்ப்பது வேறு என்றார். தலைவர், தன் பக்கத்து வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புல்லு வெட்டுகிறார், அதற்கு என்ன சொல்கிறீர் என்று என்னைக் கேட்டார். நான் கட்டட விதிகளைச் சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். மலை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் பாடமாக்கிய ஏரிகள் அவ்வளவும் அப்படியே வயிற்றுக்குள் இருக்கின்றன.

முடிவெடுக்க என்னை வெளியே அனுப்பினார்கள். நடையில் உட்கார ஒரே ஒரு நீள வாங்கு. அதில் லூஷர் அம்மா. நான் மற்ற அந்தத்தில் இருந்தேன்.

“உள்ளே என்ன கேட்டார்கள்?”

“உங்களைப் பற்றி.”

“சொன்னீரா?”

“சொன்னேன்.”

“என் பதிலையும் சொன்னீரா?”

“இல்லை.”

அவர் என்னைப் பார்த்த பார்வை! “ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்” என்றார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. எழுந்து கதவைத் தட்டினேன். அவர்கள் திடுக்கிட்டார்கள். மன்னிக்க வேண்டும், ஒன்று விடுபட்டுவிட்டது என்று சொல்லி, பாண்ட் குழுவின் சீருடை, சனி வியர்வை, திங்கள் காலை, கடவுள் வைத்த ஒரு நாள், என் எழுத்துப் பிழையில்லாத அறிவித்தல்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாங்கில் இருந்தேன். இந்த முறை கொஞ்சம் கிட்ட.

“இப்போது சரி” என்றார் அம்மா.

நாலு பேரும் ஒருமனதாகச் சம்மதம். இனி ஜூனில் ஊர்க்கூட்டம் கை உயர்த்த வேண்டும்.

வீட்டுக்கு வந்து சிவகௌரியிடம் சொன்னேன். “நாலு பேருக்கு முன்னால சொன்னதை நாடு முழுக்கச் சொன்னால் என்ன? அந்தப் பிள்ளை பாவம்” என்றாள். ஆகவே மீளப் பெற்றதை இத்தால் மீளப் பெறுகிறேன். போடவும்.

ஆ. தயாபரன்


நொஷாட்டல்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அங்கிள்,

கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்து எழுதத் தொடங்கினேன்.

சஞ்சிகைக்கு அழைக்க இரண்டு நாள் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் அழைத்தேன். நீங்கள் கதவைத் தட்டி உள்ளே போன இடத்தைச் சொல்லும்போது ஆசிரியை இடைமறித்தார். “இதையும் நீ பார்க்கவில்லையே?” ஓம், பார்க்கவில்லை, ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும் என்றேன். தலைவரிடம் கேட்டேன், பண்ணைக்காரரிடம் கேட்டேன், லூஷர் அம்மாவிடம் கேட்டேன். உங்களோடு சேர்த்து நால்வரும் சொன்னது ஒன்றுதான். ஒரேயொரு வித்தியாசம்: வாங்கில் நீங்கள் கிட்ட வந்து இருக்கவில்லையாம், தான்தான் நகர்ந்து இருந்தாராம் என்கிறார் லூஷர் அம்மா. இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன்.

கட்டுரை இப்போது பீட்சாப் பெட்டியில் தொடங்குகிறது. மழை இல்லை. உங்கள் கண்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆசிரியை ஓரத்தில் எதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பினார். முதலில் பயந்துபோனேன். பிறகுதான் விளங்கியது, ஏற்றுக்கொண்டுவிட்டார்!

உங்கள் மேற்கோள்களை மட்டும் இணைக்கிறேன். மற்றதை அச்சில் பாருங்கள்.

அன்புடன்,
யசோதரா


ஆராவ் அருகே
14 ஜூன் 2025
பதிவுத் தபால்

பிள்ளை யசோதரா,

கட்டுரை வந்தது. படத்தில் என் வலது காது பெரிதாகத் தெரிகிறது. அதைத் தவிர குறை சொல்லத் தேடினேன், இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாம் மாடிக்காரன் வந்து, பீட்சாப் பெட்டி தன்னுடையதுதான் என்று எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறான். இவர்களை எனக்கு ஒருநாளும் விளங்காது.

வியாழக்கிழமை ஊர்க்கூட்டம். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு, ஆகவே கைகள் தெரிந்தன. முதல் கை லூஷர் அம்மாவின் கை. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த நேரம் என் கண்களில் என்ன இருந்தது என்று நீர் எழுதியிருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தோய்ப்பு தொடர்கிறது. அறிவித்தலும் தொடர்கிறது.

இப்போது எழுதுவது வேறொரு விசயம். கட்டுரையை வாசித்து முடித்த சிவகௌரி, “கட்டடம் எப்பிடி நடக்குதெண்டு எழுதிப்போட்டா பிள்ளை. இந்த ஆளோட வீடு எப்பிடி நடக்குதெண்டு ஆர் எழுதுறது?” என்றாள். பகிடி என்று நினைத்தேன். உமக்கே அழைத்துச் சொல்லியிருக்கிறாள். உம்முடைய ஆசிரியையும் சம்மதித்துவிட்டாராமே?

இந்த நிமிடம் அவள் உம்மோடுதான் தொலைபேசியில் இருக்கிறாள். என்னென்ன சொன்னால் நல்லாயிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கொண்டாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டாள். ஒன்றரை மணித்தியாலமாகச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவளும் சிரிக்கிறாள், தொலைபேசிக்குள் நீரும் சிரிக்கிறீர். இரண்டு தரம் என் பெயர் கேட்டது.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு உடனே எழுதவும். வார்த்தைக்கு வார்த்தை.

ஆ. தயாபரன்


நொஷாட்டல்
17 ஜூன் 2025
பதிவுத் தபால்

அன்புள்ள அங்கிள்,

ஒருவர் சொன்னதை அவரிடம் மட்டும்தான் காட்டுவோம். கணவரிடம் காட்டும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

அன்புடன்,
யசோதரா